இரண்டாம் கட்டத்தில் என்னைச் சேர்க்காதே

இளங்கோ,

பந்தல் பிரித்தாயிற்று. வாசலில் கட்டிய வாழை மரங்களை எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டாயிற்று. தை மாதம் நடந்திருக்க வேண்டிய கல்யாணம், புயலில் பண்ருட்டி மாமாவின் பலா மரங்களும் முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்ததால் வைகாசிக்குத் தள்ளிப்போய், ஒருவழியாக நல்லபடியாக முடிந்தது. நீயும் வினோதினியும் பெங்களூர் பஸ் ஏறியதும் வீடு கப்பென்று அடங்கிவிட்டது. புதுக் குடித்தனம் போகும் பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் வேளைக்குச் சாப்பிடு, பொண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, எண்ணெய் தேய்த்துக் குளி என்றெல்லாம் இருக்கும். அதெல்லாம் உனக்கே தெரியும், தெரியாததை வினோதினி சொல்லிக் கொடுப்பாள். நான் எழுத வந்தது வேறு. கோபமாக எழுத வந்திருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. இதன் ஒரு பிரதி உன் கம்பெனிக் கூட்டாளிக்குப் போகிறது, இன்னொன்று எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்குப் போகிறது. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று உன் அப்பா கேட்கிறார். இது வீட்டு விஷயம் இல்லை என்பதால்தான் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பாட்டில் நீ உன் புதுக் கம்பெனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். விழுப்புரம் பக்கம் ஒரு கல்வி அறக்கட்டளை, அவர்களுக்கு மூன்று கல்லூரிகள், மூன்றுக்கும் சேர்த்து வெப்சைட் செய்யும் வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதுதான் முதல் பெரிய வேலை என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. மோரை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டேன்: "என் கம்ப்யூட்டரு அத படிக்குமாடா?" நீ வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னாய்: "அது ஃபேஸ் டூல வரும்மா. மொதல்ல சைட்டு லைவ் ஆவட்டும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." உன் அப்பா உடனே உன் பக்கம் சேர்ந்துகொண்டார். "புள்ள இப்பதான் கம்பெனி ஆரமிச்சிருக்கான், அதுக்குள்ள நொட்ட சொல்ல வந்துட்டியா?" வினோதினி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அத்தே, கம்ப்யூட்டர் எப்படி அத்தே படிக்கும்?" சம்பந்தி வீட்டார் பந்தியில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டது என் சுபாவம் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வினோதினி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இதை அவளும் படிப்பாள். நீ கல்லூரியில் சேர்ந்த காலத்தில் என் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. 2004-இல் கரும்பலகையில் நான் எழுதியதையே என்னால் படிக்க முடியவில்லை. அதற்கடுத்த இரண்டு வருடத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று சொன்ன டாக்டர் "ரெஸ்ட் எடுங்க" என்றார். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கக் கண் எதற்கு? நான் சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போவதை நிறுத்தவில்லை. ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது, கடலூரிலிருந்து தினமும் பஸ்தான். குடிகாடு வந்தால் தொழிற்சாலைகளின் ரசாயன நெடியை வைத்து மூக்கு சொல்லிவிடும், பரங்கிப்பேட்டைக்காரர்கள் மீன் கூடையோடு ஏறினால் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டோம் என்று அர்த்தம். கண்டக்டர்கள் முதலில் "யாராச்சும் அந்தம்மாவுக்கு எடம் குடுங்கப்பா" என்றார்கள், பிறகு "டீச்சர், இன்னிக்கு லேட்டா?" என்றார்கள். இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பிடித்தது.

சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய், திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளை இயக்கக் கற்றுக்கொண்டேன். திரையில் எழுத்து இருந்தால் அது படிக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. முதல் நாள் யாரும் பக்கத்தில் இல்லாமல் இணையத்தில் ஒரு ஆங்கிலச் செய்தித்தாளைத் தலையங்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்தேன். மணமகள் தேவை விளம்பரத்தைக்கூட விடவில்லை. படித்து முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். வேண்டாததையும் படிக்க முடிகிறதே என்றுதான் அழுகை வந்தது. எனக்காகப் படித்தவர்கள் எல்லோரும் வேண்டியதை மட்டும்தான் அதுவரை படித்துக் காட்டியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரிக்கு வெப்சைட் வந்தது. தரச்சான்றுக் குழு வரப்போகிறது, வெப்சைட் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று அவசர அவசரமாகச் செய்தார்கள். அதைத் திறந்தால் முதலில் நாதஸ்வரம் வாசிக்கும். நல்ல வாசிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என் கணினியின் குரலை அமுக்கிவிடும். கல்யாண மண்டபத்தில் மேளத்துக்கு நடுவே காதில் ரகசியம் சொல்வது மாதிரி அந்தக் குரல் ஏதோ சொல்லும், எனக்கு ஒன்றும் விளங்காது. மேளம் ஓய்ந்த பிறகு அறிவிப்புகள் பக்கத்துக்குப் போனால் இன்னும் மோசம். "கிராஃபிக்" என்று சொல்லும். அடுத்த அறிவிப்பு, "கிராஃபிக்." அதற்கடுத்தது, "கிராஃபிக்." அறிவிப்புகள் எல்லாமே படங்கள். அவற்றில் என் கணினிக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவர் கம்ப்யூட்டர் துறை ரஃபீக் சார். நல்ல மனுஷர். அவரிடம் போய் "ஏன் சார், டைப் பண்ணிப் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "டைப்தான் மேடம் பண்றேன். நான் டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, ஆபீசுக்கு அனுப்புறேன். பிரின்சிபால் பச்ச இங்க்ல கையெழுத்துப் போடுறாரு. ஆபீஸ்ல ரவுண்டு சீல் குத்துறாங்க. அத திரும்ப எங்கிட்ட அனுப்புறாங்க, நான் ஸ்கேன் பண்ணி ஏத்துறேன். சீல் கொஞ்சம் மங்கலா வுழுந்தாகூட திருப்பி அனுப்பிடுறாரு மேடம்." அப்போது எழுத்து எங்கே இருக்கிறது என்றேன். "எங்கிட்டயேதான் இருக்கு. படத்துக்குக் கீழ ஒட்டுறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆவாது. ஆர்டர் வேணுமே." கணினியில் பிறந்த எழுத்தைக் காகிதத்தில் இறக்கி, முத்திரை குத்தி, படம் பிடித்து, மறுபடியும் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முத்திரை விழாத காகிதம் செல்லாது என்று முந்நூறு வருடமாகப் பழகின கை, கணினிக்கு வந்த பிறகும் முத்திரையை விடவில்லை.

இதற்கு முன்னால் எங்களுக்குச் சுற்றறிக்கை நோட்டு ஒன்று இருந்தது. அட்டெண்டர் அதைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக வருவார், ஆசிரியர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அவரே சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலை வைப்பார். வெப்சைட் வந்ததும் அந்த நோட்டை நிறுத்திவிட்டார்கள். ஆக, முன்னேற்றம் வந்து எனக்கு இருந்ததும் போயிற்று. கல்லூரி முதல்வரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், காபி வரவழைத்தார், பிறகு சொன்னார்: "எத்தன பேருக்கும்மா இது? நீங்க ஒருத்தர், தமிழ் டிபார்ட்மென்ட்ல அந்த ஸ்டெல்லா பொண்ணு ஒண்ணு. ரெண்டு பேருக்காக சிஸ்டத்த மாத்துறதா? யாரையாச்சும் விட்டு படிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு இல்லாத ஆளா?" கிள்ளையிலிருந்து வந்து முதுகலை படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. காபி நன்றாகத்தான் இருந்தது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த "யாரையாச்சும்" நீதான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தினமும் காலையில் அலுவலகம் போனதும் எங்கள் கல்லூரி வெப்சைட்டைத் திறந்து எனக்கு போன் செய்வாய். "அம்மா, நாளைக்கு மீட்டிங் மூணு மணிக்கு. அம்மா, லைப்ரரி புக்கு திருப்பணுமாம்." அவ்வளவு பொறுப்பாகச் செய்தாய். எந்த அம்மாவுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பிள்ளை என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் ஆசிரியர் அறையில் இரண்டு பேர் கோயம்புத்தூரில் புத்தொளிப் பயிற்சிக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரப் பயிற்சி. அதை முடித்தால்தான் எங்களுக்குப் பதவி உயர்வு. யார் யார் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டேன். கடைசித் தேதி முடிந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாதா, சைட்டில்தான் போட்டிருந்தார்களே என்றார்கள்.

அன்று மாலை உன்னிடம் கேட்டேன். நீ பொய் சொல்லவில்லை. "பாத்தேம்மா. மூணு வாரம் தனியா கோயம்புத்தூர்ல நீ எப்படிம்மா இருப்ப? சொன்னா போறேன்னு நிப்ப. அதான் படிக்கல." நீ சொன்னதில் பாசம் இருந்தது, எனக்குத் தெரிகிறது. ஆனால் இளங்கோ, என் கண் போனபோது எனக்கு வராத பயம் அன்றைக்கு வந்தது. இதுவரை நீ இன்னும் எதை எதை எல்லாம் விட்டாய், உனக்கு முன்னால் உன் அப்பா எதை விட்டார், ஆசிரியர் அறையில் எனக்குப் படித்துக் காட்டிய புண்ணியவதிகள் எதை விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். படிக்கிறவர் வடிகட்டித்தான் படிப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, நல்ல எண்ணமே போதும். என் வாழ்க்கையை எனக்குப் பதிலாக இன்னொருவர் முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறார், அதுவும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே. இனிமேல் நீ எனக்குப் படிக்க வேண்டாம் என்று போனில் கத்தினேன். கத்திய விதம் தப்பு, அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். நீ அதற்குப் பிறகு பொங்கல் வரைக்கும் சரியாகப் பேசவில்லை. கத்திய விஷயத்தில் தப்பில்லை.

உன் அப்பா இதற்கு வீம்பு என்று பெயர் வைத்தார். வைத்துக்கொள்ளட்டும். வீம்புக்கு விலையும் கொடுத்தேன். நீ எனக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்திய பிறகு, முதுகலை மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு என்னைத் தேர்வாளராகப் போட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. வாயும் காதும் மட்டுமே வேண்டிய வேலை, எனக்கென்றே செய்த வேலை. அறிவிப்பு வழக்கம்போலப் படம். என் கணினி வழக்கம்போல "கிராஃபிக்" என்றது. நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சிதம்பரத்தில் பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்துக்கிடந்திருக்கிறார்கள். மறுநாள் எனக்கு மெமோ. கடமை தவறியதற்கு விளக்கம் தர வேண்டும், தவறினால் மேல்நடவடிக்கை என்று இருந்ததாம். அதைப் படித்துக் காட்டிய அலுவலகத்துப் பெண்மணி குரலைத் தாழ்த்தி ஒரு யோசனையும் சொன்னாள். "மேடம், முடியாதவுங்க விருப்ப ஓய்வு குடுத்துடலாம்னு மேல பேசிக்கிறாங்க. கௌரவமா போயிடலாம்." கௌரவம் என்ற வார்த்தையை அன்றைக்குக் கேட்டது மாதிரி நான் என்றைக்கும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் காக்க வைத்த வெட்கம் ஒரு பக்கம், இவர்களுக்காக நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் ஜெயித்தது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவள், பிரெயில் எழுதுவாள். அந்தக் கனத்த தாளைச் சட்டத்தில் செருகி, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவள் குத்தினாள். நடுநடுவே "மேடம், இது வேணுமா? வேல போயிடப் போவுது" என்றாள். "போனா உனக்கு வாத்தியாரம்மா வேலைக்கு ஒரு எடம் காலியாவும்டி" என்றேன். அவள் சிரித்துச் சிரித்து ஒரு வரியைத் தப்பாகக் குத்திவிட்டு மறுபடி எழுதினாள். விளக்கம் துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும், அதுதான் முறை. எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறப் போகிறவர், வருகிற காகிதம் எதையும் திறந்து பார்க்காமல் "மேலனுப்பப்படுகிறது" என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். இதற்கும் போட்டார். ஆக, தேதி, கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் முறைப்படி இருக்க, என் விளக்கம் முதல்வர் மேசைக்குப் போனது.

ஆசிரியர் குழுக் கூட்டத்தில் என்னை எழுப்பிக் கேட்டார். "இன்னாம்மா இது? வெறும் பேப்பர அனுப்பியிருக்கீங்க?"

"வெறும் பேப்பர் இல்ல சார். தடவிப் பாருங்க. சீல் இருக்குதா?"

"சீல் இருக்கு. இத எப்படிம்மா நான் படிக்கிறது?"

"யாரையாச்சும் விட்டு படிக்கச் சொல்லுங்க சார். உங்களுக்கு இல்லாத ஆளா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல்வருக்குக் கோபம் வந்தது, குரலில் தெரிந்தது. ஆனால் முத்திரை விழுந்த காகிதத்தைத் தள்ளிவிட அவரால் முடியவில்லை, அது அவர் மதம். ஸ்டெல்லாவை வரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே விரலால் தடவி, தெளிவான குரலில் படித்தாள். "தங்கள் மெமோ எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. வாய்மொழித் தேர்வு பற்றிய அறிவிப்பைக் கல்லூரி இணையதளத்தில் நான் திறந்தேன். அதில் கிராஃபிக் என்று ஒரே ஒரு சொல் இருந்தது. கிராஃபிக் என்றால் தேர்வுக்கு வர வேண்டும் என்று பொருள் என எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இனி ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் அதன் எழுத்து இருந்தால் எந்தப் பணிக்கும் நான் தவற மாட்டேன்." இப்போது பின்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. "அவ்ளோதானே?" என்றார் முதல்வர். ஸ்டெல்லா, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டாள்: "இன்னும் ஒரு வரி இருக்கு சார். படிக்கட்டுமா, வுட்டுடட்டுமா?" படிக்கிறவள் கையில் இருந்தார் முதல்வர், அவருக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "படிம்மா" என்றார். "நகல், சென்னையில் உள்ள ஊனமுற்றோர் நல ஆணையருக்கு" என்று படித்தாள். அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. "ரஃபீக்க வரச் சொல்லுங்க" என்றார்.

வெற்றி என்று பெரிதாக ஊதிச் சொல்ல மாட்டேன். பச்சை மையும் வட்ட முத்திரையும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே எழுத்தும் இருக்கிறது. நாதஸ்வரத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைத்தார்கள், அந்தப் பொத்தானை முதலில் படமாகவே வைத்தார்கள், அதற்கு இன்னொரு சண்டை. தமிழ் அறிவிப்புகளைப் பழைய எழுத்துருவில் போட்டதால் என் கணினி அவற்றை ஏதோ மந்திரம் மாதிரி உளறியது, யூனிகோடு என்கிற ஒருங்குறிக்கு மாற்ற ரஃபீக் சாரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு "கிராஃபிக் மேடம்" என்று பெயர் வைத்தார்கள். மெமோவை யாரும் ரத்து செய்யவில்லை, கோப்பில் எங்கேயோ கிடக்கிறது. கிடக்கட்டும். அடுத்த வருடம் புத்தொளிப் பயிற்சிக்கான அறிவிப்பை நானே படித்தேன், நானே விண்ணப்பித்தேன், கோயம்புத்தூரில் மூன்று வாரம் தனியாக இருந்தேன். விடுதியில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்பதைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை. ஸ்டெல்லா தேர்வுக் கட்டணத் தேதி முதல் தனக்காக எழுதித்தர ஆள் கேட்கும் விண்ணப்பம் வரை யாரையும் கெஞ்சாமல் படித்துப் பட்டம் வாங்கினாள்.

இப்போது உன் ஃபேஸ் டூவுக்கு, அந்த இரண்டாம் கட்டத்துக்கு வருகிறேன். நீ திட்டம் போட்டுத் தாளில் எழுதும்போது அது ஒரு கட்டம். எனக்கு அது சேர்க்கையைத் தவறவிடும் ஒரு முழு வருடத்து மாணவர்கள். ஜூன் மாதம் சேர்க்கை, ஜூன் மாதம் சைட் திறக்கிறீர்கள். விண்ணப்பத்தை நிரப்ப முடியாத பிள்ளை உங்கள் இரண்டாம் கட்டம் வரும்வரை வாசலில் நிற்காது, வீட்டுக்குப் போய்விடும். போன பிள்ளைகளை யாரும் எண்ண மாட்டார்கள். பிறகு நீங்களே சொல்வீர்கள், அப்படி யாரும் வரவே இல்லையே, யாருக்காகச் செய்வது என்று. உள்ளே நுழைய முடியாதபடி வீட்டைக் கட்டிவிட்டு விருந்தாளியே வரவில்லை என்று சொல்கிற கதை. அதுவும் எப்போதும் கண் தெரியாதவர்கள் மட்டும் இல்லை. உன் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் வடிகட்ட மாட்டேன், சொல்கிறேன். மவுசைத் தொட்டதும் விரிந்து உடனே மூடிக்கொள்கிற அந்தப் பட்டியல்களோடு அவர் மின்வாரியப் பென்ஷன் சைட்டில் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். மவுஸ் இல்லாமல் விசைப்பலகையிலேயே போக வழி வைத்திருந்தால் அவரே செய்துவிடுவார். நீயும் ஒரு நாள் கிழவன் ஆவாய், நீ செய்த சைட்டையே உன்னால் திறக்க முடியாமல் போகும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படம் போட்டால் அது என்ன என்று ஒரு வரி எழுது. பெயர் கேட்கும் கட்டத்துக்குள் அது பெயருக்கான கட்டம் என்று கணினிக்கும் சொல்லிவை. சிவப்பில் உள்ளவை கட்டாயம் என்று எழுதாதே, சிவப்பு எனக்கு எதற்கு, கட்டாயம் என்றே எழுது. கேட்காமல் பாட்டுப் போடாதே. கட்டும்போதே செய்தால் இது செங்கல் வைக்கும் வேலை, கட்டி முடித்த பிறகு செய்தால் சுவரை இடிக்கும் வேலை. வீடு கட்டும்போது வாசலை இரண்டாம் கட்டத்தில் வைக்கிற மேஸ்திரியை நீ பார்த்திருக்கிறாயா? அப்படி ஒருத்தன் வந்தால் உன் அப்பா அவனை அடித்துத் துரத்துவார்.

நீ எனக்குப் படித்துக் காட்டிய காலத்தை நான் மறக்கவில்லை. உன் குரலில் காலையில் கேட்ட அந்த "அம்மா, இன்னிக்கு இன்னா போட்டிருக்காங்க தெரியுமா?" இப்போதும் எனக்கு வேண்டும்தான். ஆனால் அது பேச்சுக்காக வேண்டும், பிழைப்புக்காக வேண்டாம். யார் தயவும் இல்லாமல் நான் படித்துவிட்டு, அதற்குப் பிறகு உன்னோடு வம்பு பேச வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அதுவாக இருக்கும். புரியாவிட்டாலும் செய்.

இன்று காலை அந்த விழுப்புரம் அறக்கட்டளையின் பழைய சைட்டைத் திறந்தேன். செயலாளரின் மின்னஞ்சல் முகவரியைப் படமாகத்தான் வைத்திருக்கிறார்கள், என் கணினி திணறியது. வினோதினிக்கு போன் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். அவள் முகவரியை ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொன்னாள், எதற்கு என்று கேட்டாள், சொன்னேன், "அனுப்புங்க அத்தே" என்றாள். அனுப்பிவிட்டேன். சிதம்பரத்தில் பேராசிரியராக இருக்கும், கண் தெரியாத ஒரு பெண் என்று மட்டும் எழுதியிருக்கிறேன், உன் அம்மா என்று எழுதவில்லை. உங்கள் புது சைட்டை எங்களைப் போன்றவர்களால் முதல் நாளிலிருந்தே படிக்க முடியுமா என்று அதைச் செய்கிறவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அந்தச் செயலாளர் உன்னைக் கேட்பார். பதிலோடு போ.

அம்மா